ஐஸ் ஹவுஸும் எங்க ஊர் உமியும்

போன தை மாசம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தேன். திருவல்லிக்கேணியில மண்டபம். மறுநாள் காலையில டவுன் பஸ்ல போய்க்கிட்டிருக்கும்போது கண்டக்டர், "ஐஸ் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ்"னு குரல் கொடுத்தார். நாலைஞ்சு பேர் இறங்கினாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்கிட்ட, "ஏன் தம்பி, இந்த இடத்துக்கு எப்படி இந்தப் பேரு வந்துச்சு?"ன்னு கேட்டேன். "தெரியலைங்க அங்கிள், போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதேதான் பேரு"ன்னான். அவனைக் குத்தம் சொல்லலை. எங்க ஊர்ப் பேருக்கே எனக்கு அர்த்தம் தெரியாது.

ஆனா எனக்கு அன்னைக்கு முழுக்க அந்தப் பேரு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஐஸுக்கும் எங்க குடும்பத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைக் கடைசியில சொல்றேன். சாயங்காலம் மெரினாவுக்கு நடந்தே போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். கடலைப் பார்த்து வட்டமான முகப்போட நிக்குது. இன்னைக்கு அதுக்குப் பேரு விவேகானந்தர் இல்லம். 1842ல அதைக் கட்டினப்போ அது ஒரு குடோன். உள்ளே அடுக்கி வெச்ச சரக்கு தண்ணி. கெட்டியாப் போன தண்ணி. அமெரிக்காவுல இருந்து பாய்மரக் கப்பல்ல வந்த ஐஸ் கட்டி.

இதைப் படிச்சதும் முதல்ல நான் நம்பலை. எங்க டவுன்ல இருந்து ஐஸ் குச்சி வாங்கிட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள குச்சிதான் மிஞ்சும். அமெரிக்காவுல இருந்து எப்படி வரும்? அப்புறம் ஊருக்கு வந்து ஒரு மாசம் இதே வேலையா இருந்தேன். லைப்ரரியில கொஞ்சம், பையன் போன்ல கொஞ்சம்னு தேடிப் படிச்சேன். படிச்சதை எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதறேன்.

பிரெடரிக் டியூடர்னு ஒரு ஆளு. 1783ல பிறந்தவர், பாஸ்டன்காரர். அந்தப் பக்கம் பனிக்காலத்துல குளம் குட்டையெல்லாம் உறைஞ்சு போகும். அதை வெட்டி வைக்கோல் போட்டு மூடி வெச்சு, வெயில் காலத்துல எடுத்துக் குடிக்கறது அங்கே வசதியானவங்க வீட்டுப் பழக்கம். டியூடருக்கு ஒரு யோசனை. இங்கே சும்மா கிடக்கற பனிக்கட்டியை, பனின்னா என்னன்னே தெரியாத ஊருக்குக் கொண்டுபோய் வித்தா என்ன? 1806ல ஒரு கப்பலை விலைக்கு வாங்கி, சுமார் 130 டன் ஐஸை ஏத்திக்கிட்டு மார்ட்டினிக் தீவுக்குக் கிளம்பினார். எந்தக் கப்பல்காரனும் வாடகைக்கு வர ஒத்துக்கலையாம். சரக்கு உருகிக் கப்பலுக்குள்ளேயே தண்ணியாப் போனா யாரு பொறுப்பு?

ஐஸ் போய்ச் சேர்ந்துருச்சு. அதுதான் ஆச்சரியம். ஆனா அந்த ஊர்ல அதை வைக்க இடமில்லை. வாங்கறவனுக்கு அதை என்ன பண்றதுன்னும் தெரியலை. சனங்க பார்க்கப் பார்க்க உருகிடுச்சு. பெரிய நஷ்டம். அடுத்தடுத்த வருஷங்களும் சரியில்லை. கடன்காரங்க விடலை. 1812லயும் 1813லயும் கடனுக்காக ஜெயிலுக்கே போனார். கடன் வாங்கி வெள்ளாமை பண்றவங்களுக்கு இந்த ஆளைப் பிடிக்கும். எனக்குப் பிடிச்சுப் போச்சு.

அவர் கத்துக்கிட்டது ஒண்ணொண்ணும் நஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதுதான். முதல்ல வைக்கோலு, உமி, கரித்தூள்னு என்னென்னமோ போட்டு மூடிப் பார்த்திருக்கார். கடைசியில மரத்தூளுக்கு வந்து நின்னார். பக்கத்து மெயின் மாநிலத்துல மர அறுவை மில்லுங்க நிறைய. அங்கே மரத்தூள் மலையாக் குவிஞ்சு கிடந்த குப்பை. ஆத்துல தள்ளிக்கிட்டிருந்தாங்க. ஐஸ் இயற்கையாக் கிடைச்சது, மரத்தூள் குப்பையாக் கிடைச்சது. மூணாவதா கப்பல்ல இடமும் மலிவாக் கிடைச்சது. பாஸ்டன்ல இருந்து இந்தியாவுக்குச் சரக்கு எடுக்கப் போற கப்பலுங்க போகும்போது பெரும்பாலும் காலியாத்தான் போகும். கப்பல் சாயாம இருக்கப் பாரத்துக்குக் கல்லை ஏத்துவாங்க. கல்லுக்குப் பதிலா ஐஸ் ஏறிச்சு.

இன்னொண்ணு, வெட்டற முறை. முன்னால ஐஸைக் கோடாலியால கொத்தி, கோணல்மாணலான துண்டாத்தான் எடுப்பாங்க. 1825 வாக்குல நத்தானியேல் வயத்னு ஒருத்தர், டியூடருக்காக வேலை பார்த்தவர், குதிரை பூட்டி இழுக்கற ஒரு கலப்பை செஞ்சார். உறைஞ்ச குளத்து மேல நேர்கோடா உழவு போட்டு, குறுக்கேயும் உழவு போட்டா சதுரம் சதுரமாக் கோடு விழும். அப்புறம் கடப்பாரையால நெம்பி எடுத்தா எல்லாம் ஒரே அளவுச் செங்கல். ஒண்ணு மேல ஒண்ணு இடைவெளியே இல்லாம அடுக்கலாம். குளத்துல ஏர் ஓட்டி அறுவடை பண்றதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா விஷயம் அங்கேதான் இருக்கு. ஒரு சதுரக் கட்டியை எட்டுத் துண்டாக்கினா, காத்துப் படற பரப்பு ரெண்டு மடங்கு ஆயிரும். துண்டாக்க ஆக்க அது இன்னும் கூடும். கட்டி எவ்வளவு பெருசோ, எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு நாள் தாங்கும்.

1833 மே மாசம் டஸ்கனிங்கற கப்பல் 180 டன் ஐஸோட பாஸ்டன்ல இருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிச்சு. சூயஸ் கால்வாய் அப்போ கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி வரணும். நாலு மாசப் பயணம். செப்டம்பர்ல கல்கத்தா வந்தப்போ சுமார் 100 டன் மிச்சம் இருந்துச்சு. கோடையில, அந்தக் கடல்ல, மரக்கப்பல்ல, மெஷின் எதுவும் இல்லாம. கல்கத்தா வெள்ளைக்காரங்களுக்குக் கொண்டாட்டம். ஐஸுக்குச் சுங்கவரியைத் தள்ளுபடி பண்ணி, ராத்திரியில இறக்கிக்கவும் அனுமதி கொடுத்தாங்க. வெயில் வர்றதுக்குள்ள இறக்கணும் இல்லையா. வரி தள்ளுபடிக்கு நாம எத்தனை மனு எழுதறோம்! அதைத் தொடர்ந்து பம்பாயும் சென்னையும். காப்பி வியாபாரத்துல சூதாடி ரெண்டு லட்சம் டாலருக்கு மேல கடன்பட்டிருந்த டியூடரை நிமிர வெச்சது இந்த இந்திய ஐஸ் வியாபாரம்தான். எண்பது வயசு தாண்டி, பெரிய பணக்காரரா 1864ல செத்தார்.

அதுக்கு முன்னால இந்தியாவுல ஐஸே இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு. இதை எழுதாம விட்டா நம்ம ஆளுங்களுக்குச் செய்யற துரோகம். அலகாபாத் பக்கம் ஐஸ் எடுக்கற விதத்தை ராபர்ட் பார்க்கர்னு ஒரு ராணுவ அதிகாரி 1775ல லண்டன் ராயல் சொசைட்டி பத்திரிகையில எழுதியிருக்கார். திறந்த வெளியில ரெண்டடி ஆழத்துக்கு அகலமாப் பள்ளம் வெட்டுவாங்க. அதுல காஞ்ச கரும்புத் தட்டையோ மக்காச்சோளத் தட்டையோ ஒரு அடிக்கு நிரவுவாங்க. அதுக்கு மேல மெருகு ஏத்தாத சின்னச் சின்ன மண் தட்டுகளை வரிசையா வெச்சு, பொழுது சாய்ஞ்சதும் காய்ச்சி ஆறின தண்ணியை ஊத்தி விட்டுருவாங்க. குளிர்காலத்துல வானம் தெளிவா, காத்து அசையாம இருக்கற ராத்திரியில, விடியறதுக்குள்ள தட்டுல ஐஸ் பிடிச்சிருக்கும். இத்தனைக்கும் சுத்தியிருக்கற காத்து உறையற அளவுக்குக் குளிர்ந்திருக்காது.

எப்படி? காஞ்ச தட்டை தரையில இருக்கற சூட்டை மேல விடாது. மண் தட்டுல தண்ணி கசிஞ்சு ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும், நம்ம மண்பானை மாதிரி. இதுக்கெல்லாம் மேல, தண்ணியோட சூடு நேரா வானத்துக்குப் போயிரும். மேகமில்லாத மார்கழி ராத்திரியில தக்காளிச் செடி மேல பனி எப்படி இறங்குதுன்னு பார்த்தவங்களுக்கு இது புரியும். மேகம் மூடின ராத்திரியில பனி இறங்காது. வானம் ஒரு போர்வை போட்ட மாதிரி. வில்லியம் வெல்ஸ்ங்கற டாக்டர் 1814ல பனித்துளியைப் பத்தி ஒரு புத்தகமே எழுதி இதை விளக்கினார். அலகாபாத்துல மண் தட்டு வெச்சவங்க அதுக்கு ரொம்ப முன்னாலேயே வேலையை முடிச்சிட்டாங்க. எடுத்த ஐஸை ஆழமான குழியில போட்டு இடிச்சு, சுத்தி வைக்கோலும் முரட்டுக் கம்பளியும் வெச்சு மூடி வெயில் காலம் வரைக்கும் வெச்சிருப்பாங்க. ஐஸுக்குக் கம்பளி! இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

சென்னைக் கடற்கரையில இந்த வித்தை பலிக்காது. ராத்திரியில கூட அங்கே காத்துல ஈரமும் புழுக்கமும்தான். அதனாலதான் பாஸ்டன் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தாங்க. கப்பல் சென்னைக்கு வந்தாலும் அப்போ துறைமுகம் கிடையாது. தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். மசூலா படகுல நம்ம ஆளுங்க அலையை அடிச்சுக்கிட்டுப் போய் இறக்கிக் கரைக்குக் கொண்டு வரணும். தலைச்சுமையா ஐஸைத் தூக்கினவங்க குடிச்சது வெந்நி மாதிரி இருக்கற கிணத்துத் தண்ணிதான். சில்லுன்னு குடிச்சவங்க துரைமாரும் வசதியானவங்களும். காய்ச்சல்காரங்களுக்கும் வாங்கிக் கொடுத்திருக்காங்க. ஐஸோட சேர்ந்து பாஸ்டன் ஆப்பிள் பழமும் வந்திறங்கிச்சு.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ, வால்டன் குளத்தோரம் குடிசை போட்டு இருந்தவர், 1846-47 பனிக்காலத்துல நூறு பேர் வந்து அந்தக் குளத்து ஐஸை வெட்டினதைக் கண்ணால பார்த்து எழுதியிருக்கார். அந்தக் குளத்துத் தண்ணியைச் சென்னைக்காரங்க குடிப்பாங்கன்னும் யோசிச்சுப் பார்த்திருக்கார். அதுல எனக்குப் பிடிச்ச தகவல் வேற. வெட்டினதுல 10,000 டன் இருக்கும்னு சொல்லப்பட்ட ஒரு குவியலைக் கரையிலேயே போட்டு வைக்கோலும் பலகையும் வெச்சு மூடினாங்க. அடுத்த ஜூலையில மூடியைப் பிரிச்சு ஒரு பகுதியை எடுத்துட்டு, மிச்சத்தை அப்படியே வெயில்ல விட்டுட்டாங்க. அது உருகி முடிய 1848 செப்டம்பர் ஆச்சாம்.

இங்கேதான் எனக்கு எங்கய்யன் ஞாபகம் வந்துச்சு. எங்க பக்கம் அப்பாவை அய்யன்னுதான் சொல்லுவோம்.

எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் கரும்பு. ஆலை ஆட்டற நாள்ல அய்யன்தான் அடுப்புக்குத் தீ போடுவார். கொப்பரை நிறையச் சாறு ஊத்தி, அடியில காஞ்ச சக்கையைத் தள்ளித் தள்ளி எரிப்பார். அரை மணி, முக்கால் மணியில சாறு கொதி வந்துரும். ஆனா பாகு பதம் வர அதுக்கு மேல ரெண்டு மணி, ரெண்டரை மணி நேரம் தீ குறையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். சக்கைக் குவியல் கரையறதைப் பார்த்துட்டு ஒரு நாள் கேட்டார். "ஏன்டா, பள்ளிக்கூடம் போறியே, இதைச் சொல்லு. கொதிச்சாச்சு. இதுக்கு மேல சூடு ஏறப் போறதில்லை. அப்புறம் நான் போடற தீயெல்லாம் எங்கடா போகுது?"

நான் பத்தாவது படிச்சிட்டிருந்தேன். உள்ளுறை வெப்பம்னு புஸ்தகத்துல இருந்துச்சு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனா அவர் கேட்டது அதைத்தான்னு எனக்கு அப்போ தெரியலை. "தெரியலீங்கய்யா"ன்னேன்.

அதே கேள்வியை அவருக்கு இருநூறு வருஷம் முன்னால ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல ஜோசப் பிளாக்னு ஒரு வாத்தியார் கேட்டிருக்கார். அந்தக் காலத்துல எல்லாரும் நினைச்சது என்னன்னா, ஐஸ் உருகற நிலைக்கு வந்துட்டா இன்னும் துளி சூடு கிடைச்சாப் போதும், மொத்தமும் தண்ணி ஆயிரும்னு. பிளாக் சொன்னார்: அப்படி இருந்தா மலை மேல இருக்கற பனியெல்லாம் வெயில் வந்த அன்னைக்கே ஒரேயடியா உருகி ஊரையே அடிச்சுக்கிட்டுப் போயிருக்குமே? அது வாரக்கணக்குல, மாசக்கணக்குல மெதுவாத்தானே உருகுது?

1760-களோட தொடக்கத்துல அவர் செஞ்ச சோதனை ரொம்பச் சாதாரணம். ஒரே மாதிரி ரெண்டு கண்ணாடிக் குடுவை. ஒண்ணுல ஐஸ். இன்னொண்ணுல அதே எடைக்கு, உறையற நிலைக்குக் கிட்டக் குளிர்ந்த தண்ணி. ரெண்டையும் பெரிய கூடத்துல தொங்கவிட்டுட்டுக் காத்திருந்தார். தண்ணி அரை மணியில பாரன்ஹீட் கணக்குல 7 டிகிரி சூடாயிருச்சு. ஐஸ் உருகி அதே சூட்டுக்கு வர பத்தரை மணி நேரம் ஆச்சு. அதாவது 21 அரைமணி. அத்தனை நேரமும் கூடத்துக் காத்துல இருந்து சூடு உள்ளே போயிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா தெர்மாமீட்டர்ல ஏறலை. கெட்டியா இருக்கறதை இளக வைக்கற வேலைக்கே அது செலவாயிருச்சு. கண்ணுக்குத் தெரியாம உள்ளே ஒளிஞ்சுக்கிச்சுன்னு சொல்லி அதுக்கு உள்ளுறை வெப்பம்னு பேரு வெச்சார்.

இன்னைய கணக்குல சொன்னா இப்படி. ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேத்த ஆகற சூட்டை ஒரு பங்குன்னு வெச்சுக்கலாம். பூச்சியம் டிகிரியில இருக்கற ஒரு கிலோ ஐஸ், சூடே ஏறாம வெறுமனே தண்ணியா மாறுறதுக்கு மட்டும் 80 பங்கு வேணும். அதனாலதான் டஸ்கனி கப்பல் கல்கத்தா வந்துச்சு. மரத்தூள் சூட்டைச் சிக்கனமா உள்ளே விட்டுச்சு. உள்ளே வந்த சூட்டை ஐஸ் 80 பங்கு, 80 பங்கா விழுங்கிட்டுக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் கரைஞ்சுச்சு.

இனி அய்யன் கேள்வி. எங்க ஊர் வெயில்ல 30 டிகிரியில இருக்கற ஒரு கிலோ தண்ணி கொதிநிலைக்கு வர 70 பங்கு போதும். கொதிக்கற அந்தத் தண்ணியை முழுசா ஆவியாக்க 540 பங்கு வேணும். ஏறக்குறைய எட்டு மடங்கு! கரும்புச் சாறுல அஞ்சுல நாலு பங்கு தண்ணி. அது அத்தனையும் ஆவியாப் போனாத்தான் பாகு. அய்யன் போட்ட தீ எங்கே போச்சுன்னா, கூரை வழியா வெள்ளையாப் போச்சே, அந்த ஆவியோட போச்சு. பிளாக்கோட பழக்கத்துல இருந்த ஜேம்ஸ் வாட், நீராவி இயந்திரத்தை ரிப்பேர் பண்ணும்போது இதே எண்ணில்தான் முட்டிக்கிட்டார். கொஞ்சூண்டு ஆவி, நிறையத் தண்ணியைக் கொதிக்க வெச்சிருதேன்னு திகைச்சுப் போய் பிளாக்கிட்ட வந்து கேட்டார். அதுக்கப்புறம் 1769ல வாட் வாங்கின பேட்டண்ட் உலகத்தையே மாத்திருச்சு, அது பெரிய கதை. எங்கய்யன் சரியான கேள்விதான் கேட்டிருக்கார்னு எனக்கு இப்போ தெரியுது.

பாஸ்டன் ஐஸ் வியாபாரத்தை அழிச்சதும் இதே விஷயம்தான். ஒரு திரவம் ஆவியாகணும்னா சூடு வேணும். தீ போட்டுக் கொடுக்கலைன்னா, பக்கத்துல இருக்கறதுகிட்ட இருந்து பிடுங்கிக்கும். பிளாக்கோட வாத்தியார் வில்லியம் கல்லன், ஈதரை வேகமா ஆவியாக்கிக் கொஞ்சம் ஐஸ் பிடிக்க வெச்சுக் காட்டியிருக்கார். நூறு வருஷம் கழிச்சு 1850-கள்ல ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒரு பத்திரிகைக்காரர் அதை வெச்சே ஐஸ் மெஷின் செஞ்சார். அப்புறம் அம்மோனியா வந்துச்சு. அது பூச்சியத்துக்கும் கீழே 33 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்க விட்டா சுத்தியிருக்கற உப்புத் தண்ணியில இருந்து சூட்டை உறிஞ்சும். அந்த உப்புத் தண்ணியில தகர டின்னுல நல்ல தண்ணியை இறக்கி வெச்சா ஐஸ் பார். ஆவியான அம்மோனியாவைக் கம்ப்ரசர்ல அமுக்கித் திரும்பவும் திரவமாக்கினா மறுபடி அதே வேலை. ஒண்ணைக் கொதிக்க வெச்சு இன்னொண்ணை உறைய வைக்கறாங்க. 1874ல சென்னையிலேயே ஐஸ் செய்யற கம்பெனி வந்துருச்சு. பாஸ்டன் கப்பல் நின்னுச்சு.

காலியான கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார்னு ஒரு வக்கீல் வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில வெளிநாட்டுல இருந்து திரும்பின விவேகானந்தர் சில நாள் அங்கே தங்கிப் பேசினார். 1963ல அவர் பேரையே வெச்சாங்க. கல்கத்தாவுலயும் பம்பாயிலயும் இருந்த ஐஸ் ஹவுஸ்களை இடிச்சாச்சு. சென்னையில இருக்கறது ஒண்ணுதான் மிச்சம்.

இப்போ எங்க கணக்கு.

1988 சித்திரை. அய்யன் ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாய, கிணத்து மேட்டுல உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டார். அக்காவைப் பம்பாய்ல கட்டிக் கொடுத்திருந்தோம். டவுனுக்குப் போய் போன் போட்டு, மாமன் கடைக்குத் தகவல் சொல்லி, அவங்க மறுநாள் ரயில் பிடிச்சு வந்தாலும் வியாழக்கிழமை ராத்திரி ஆகும். ஊர்ப் பெரியவங்க, "இந்த வெயில்ல அதுவரைக்கும் வெச்சிருக்க முடியாது கண்ணு, காலையிலயே எடுத்துரலாம்"னாங்க. அம்மா ஒண்ணும் பேசலை. என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு வயசு இருபத்தொண்ணு. "அக்கா வரட்டுங்க"ன்னு சொல்லிட்டேன்.

அப்போ குளிர்பெட்டியெல்லாம் எங்க பக்கம் கிடையாது. டவுன் ஐஸ் பேக்டரிக்குப் போய் ராத்திரியே நாலு பார் வாங்கி வண்டியில போட்டுக் கொண்டு வந்தேன். எனக்குத் தெரிஞ்ச அறிவு என்னன்னா, எல்லாப் பக்கமும் சமமாக் குளிரணும். கடப்பாரையால நாலு பாரையும் சில்லு சில்லா உடைச்சு, பலகைக்கு அடியிலும் சுத்தியும் பரப்பி விட்டேன். புதன்கிழமை மத்தியானம் பார்த்தா ஒரு சில்லு இல்லை. வாசல் பூரா தண்ணி. என்னை யாரும் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை.

மறுபடி ஓடினேன். பேக்டரியில அம்மோனியா வாடைக்கு நடுவுல ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். மீன் வண்டிகளுக்கு ஐஸ் அடுக்கிக் கொடுத்தே வயசானவர். நான் சொன்னதைக் கேட்டுட்டு, "உடைச்சீங்களா தம்பி?"ன்னார். ஆமான்னேன். "உடைக்காதீங்க. பாரை முழுசா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைங்க. வெளிப்பக்கம் உமி மூட்டையை அணை கொடுத்து, மேல சாக்குப் போட்டு மூடுங்க. அப்பா இருக்கற பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். அடியில தண்ணி தேங்கக் கூடாது, சின்னதா வாய்க்கால் வெட்டி விடுங்க." வேற ஒரு வார்த்தை பேசலை. அஞ்சு பார் கொடுத்து, நாலுக்குத்தான் காசு வாங்கினார்.

டியூடர் ஜெயிலுக்குப் போய்க் கத்துக்கிட்டதும் இதேதான். கட்டியை உடைக்காதே, காத்துப் படாம மூடு, உருகின தண்ணியை வடிய விடு. ஈரமாப் போன தூளு சூட்டைத் தடுக்காது. அந்தப் பெரியவர் டியூடர் பேரைக் கேள்விப்பட்டிருப்பாரான்னு தெரியலை.

உமிக்கு எங்க ஊர்ல பஞ்சமா? ரைஸ் மில்லுல இருந்து பத்து மூட்டை வந்துச்சு. அவர் சொன்னபடியே செஞ்சேன். சாக்கை இழுத்து மூடும்போது எங்க பெரியம்மா குறுக்கே வந்து, "ஏன்டா, இப்படிப் போத்தி விட்டா வெதுவெதுன்னு ஆகி உருகிப் போகாதா?"ன்னாங்க. அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போ தெரியலை. போர்வை தானாச் சூடு கொடுக்கறதில்லை, உள்ளே இருக்கறதை வெளியே விடாது, வெளியே இருக்கறதை உள்ளே விடாது, அவ்வளவுதான். "ஐஸ் கம்பெனிக்காரர் சொன்னாருங்க பெரிம்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

புதன் ராத்திரி முழுக்க வாய்க்கால்ல தண்ணி நூல் மாதிரி போயிக்கிட்டிருந்துச்சு. நான் பக்கத்துலயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். வேகம் கூடுதா, குறையுதான்னு. வியாழக்கிழமை மத்தியானம் வெயில் கொளுத்திச்சு. அப்பவும் நூல் மாதிரிதான். அக்கா ராத்திரி ஒம்போதரைக்கு வந்து சேர்ந்தா. அழுதுக்கிட்டே வந்தவ, அய்யன் கன்னத்துல கை வெச்சதும் சட்டுன்னு அழுகையை நிறுத்திட்டு, "இப்படிக் குளிருதே, ஒரு போர்வை எடுத்துப் போத்தக் கூடாதாடா?"ன்னா. அம்மா எந்திரிச்சுப் போய்க் கம்பளியை எடுத்துட்டு வந்தாங்க.

வெள்ளிக்கிழமை காலையில எடுத்தோம். எல்லாம் முடிஞ்சு வந்து உமியைக் கிளறினப்போ உள்ளே முழங்கை நீளத்துக்கு ரெண்டு கட்டி இன்னும் இருந்துச்சு.